கையில் இருந்த வெற்றி டிராவாகப் போனது எங்கே? யானையும் ஒரு சிப்பாயும் மிஞ்சிய ஆட்டம் பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வார இறுதி செஸ் ரேட்டிங் டோர்னமெண்ட், நான்காவது சுற்று. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடி கூடும். உங்கள் ரேட்டிங் 1520, எதிராளி 1610. நீங்கள் வெள்ளை. கடைசியில் உங்களிடம் யானையும் ஒரு டி வரிசைச் சிப்பாயும், அவரிடம் யானை மட்டும். சிப்பாய் ராணியாக ஒரே ஒரு கட்டம் மிச்சம். அவர் செக் மேல் செக் கொடுத்தார், நீங்கள் ராஜாவை நகர்த்திக்கொண்டே இருந்தீர்கள். 78-வது நகர்வில் அவர் ஒரு நகர்வைத் தாளில் மட்டும் எழுதிவிட்டு, கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிட்டார். ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது என்று டிரா க்ளெய்ம் செய்தார், அதாவது விதிப்படி டிரா கோரினார், ஆர்பிட்டரும் டிரா கொடுத்தார். "இன்ஜின் (ஆட்டத்தை ஆராயும் கணினி நிரல்) எனக்கு வெற்றி என்று காட்டுகிறது. காயை நகர்த்தாமலேயே அவர் எப்படி க்ளெய்ம் செய்யலாம், ஆர்பிட்டர் செய்தது சரியா?" என்று கேட்கிறீர்கள்.

எழுத்தில் இருப்பது ஆர்பிட்டரைப் பற்றிய கேள்வி. ஆனால் அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் நாலு பத்தியைப் படித்தால் உண்மையான கேள்வி வேறு என்று தெரிகிறது: அது நிஜமாகவே ஜெயித்த ஆட்டம்தானா, அப்படியானால் எந்த இடத்தில் கைவிட்டுப் போனது? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். நான் கிராண்ட்மாஸ்டர் இல்லை. பல வருடங்களாக மாவட்ட அளவில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன், இடையிடையே ஆர்பிட்டராகவும் நின்றிருக்கிறேன். அதனால் விதியைப் பற்றியும், நாலைந்து காய் மட்டும் மிஞ்சிய நிலைகளைப் பற்றியும் உறுதியாகப் பேச முடியும். அதற்கு முந்தைய நடு ஆட்டத்தில் உங்கள் தீர்மானங்களை எடைபோட என்னைவிடப் பலமான ஆட்டக்காரர் வேண்டும். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

ஆர்பிட்டர் செய்தது சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) விதிப்படி ஒரே நிலை மூன்றாவது முறை வந்தாலோ, வரப்போகிறது என்றாலோ, நகர்த்தும் முறை யாருடையதோ அவர் டிரா க்ளெய்ம் செய்யலாம். வரப்போகிறது என்ற வகையில் க்ளெய்ம் செய்பவர் காயை நகர்த்தக் கூடாது. நகர்வை ஸ்கோர்ஷீட்டில் (நகர்வுகளைக் குறிக்கும் தாளில்) எழுதிவிட்டு, இதைத்தான் ஆடப்போகிறேன் என்று ஆர்பிட்டரிடம் சொல்ல வேண்டும். காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்வுக்கு க்ளெய்ம் செய்யும் உரிமையே போய்விடும். கிளாக்கை நிறுத்தவும் விதி அவருக்கு அனுமதி தருகிறது. ஆக நீங்கள் முறைகேடு என்று நினைத்ததுதான் விதி சொல்லும் சரியான முறை. க்ளெய்ம் தவறாக இருந்திருந்தால் உங்களுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைத்திருக்கும், அவர் எழுதிய நகர்வையே ஆடியாக வேண்டும், ஆட்டம் தொடர்ந்திருக்கும்.

"ஒரே நகர்வுகள் அடுத்தடுத்து மூன்று முறை வரவில்லையே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிளப் ஆட்டக்காரர்கள் பலருக்கு இந்தத் தவறான எண்ணம் இருக்கிறது. விதி எண்ணுவது நகர்வுகளை அல்ல, நிலைகளை. அதே காய்கள் அதே கட்டங்களில் இருக்க வேண்டும், நகர்த்தும் முறை அதே ஆளுடையதாக இருக்க வேண்டும், காய்களால் முடிந்த நகர்வுகளும் அதேபோல் இருக்க வேண்டும். இடையில் என்ன நடந்தாலும் பரவாயில்லை, அடுத்தடுத்து வர வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் அனுப்பிய நகர்வுகளைப் போர்டில் வைத்துப் பார்த்தேன். 70-வது நகர்வுக்குப் பிறகு உங்கள் ராஜா டி8, சிப்பாய் டி7, யானை எஃப்1 (எழுத்து செங்குத்து வரிசை, எண் குறுக்கு வரிசை). அவருடைய ராஜா ஜி7, யானை சி2. முறை உங்களுடையது. அப்புறம் ராஜா இ7, யானை இ2 செக். ராஜா டி6, யானை டி2 செக். ராஜா இ7, யானை இ2 செக். ராஜா டி8, யானை சி2. பழைய நிலை அப்படியே திரும்பிவிட்டது. இதையே இன்னொரு சுற்று ஆடினீர்கள். 78-ல் அவர் எழுதிய யானை சி2 அந்த நிலையை மூன்றாவது முறையாகக் கொண்டுவருகிறது. க்ளெய்ம் சரியே.

இன்னும் கவனித்துப் பார்த்தால், அவர் மூன்று நகர்வு முன்னாலேயே க்ளெய்ம் செய்திருக்கலாம். உங்கள் ராஜா இ7-லும் அவர் யானை இ2-விலும் நிற்கும் நிலை 71, 73, 75 ஆகிய மூன்று நகர்வுகளுக்குப் பிறகும் வந்திருக்கிறது. 75-லேயே மூன்று ஆகிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். 77-ல் அது நான்காவது முறை. அவர் க்ளெய்மே செய்யாமல் இருந்து, நீங்கள் 79-ல் மறுபடி ராஜா இ7 ஆடி அவர் இ2-வில் செக் கொடுத்திருந்தால் ஐந்தாவது முறை ஆகியிருக்கும். ஐந்து ஆனால் யாரும் கேட்க வேண்டியதில்லை, ஆட்டம் டிரா என்று ஆர்பிட்டரே முடித்துவிடுவார்.

போர்டில் யார் ஜெயிக்கிறார் என்பது இந்த விதியில் எங்கும் வராது. அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஆர்பிட்டருக்கு இங்கே இல்லை. நகர்வுக்கு நேரம் கூடாத பழைய வகை ஆட்டங்களில், கடைசி இரண்டு நிமிடத்துக்குள், எதிராளி ஜெயிக்க முயலவே இல்லை என்று முறையிட ஒரு வழிமுறை உண்டு. நீங்கள் குறிப்பிடும் நண்பர் அதை நினைத்துத்தான் பேசியிருக்க வேண்டும். 30 வினாடி கூடும் ஆட்டத்துக்கு அது பொருந்தாது. முடிவை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று என்றும் சொல்கிறீர்கள். மேல்முறையீட்டுக்கு இதில் இடமில்லை, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சரி, நிலை உண்மையிலேயே வெற்றியா? ஆம். இதையும் நூறு சதவீதம் உறுதியாகச் சொல்லலாம். போர்டில் இருப்பது மொத்தம் ஐந்து காய். ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய் வரையிலான நிலைகளைக் கணினிகள் முழுமையாகத் தீர்த்துவைத்துவிட்டன. டேபிள்பேஸ் என்று சொல்வது அதைத்தான். ஏழு காய்க்கான முதல் தொகுப்பை 2012-ல் மாஸ்கோவின் லொமொனொசொவ் சூப்பர் கம்ப்யூட்டரில் செய்தார்கள். 2018-ல் முடிந்த சிசிஜி தொகுப்பை இப்போது லிசெஸ் தளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் உங்கள் நிலைக்கு அதுகூடத் தேவையில்லை. இந்த நிலை ஏறக்குறைய நானூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த ஒன்று. லூசெனா நிலை என்று பெயர். 1497-ல் அச்சான லூசெனாவின் நூலில் இது கிடையாது, 1634-ல் இத்தாலியரான சால்வியோதான் இதை எழுதிவைத்தார். பெயர் மட்டும் ஸ்பெயின்காரர் பெயரில் நிலைத்துவிட்டது.

உங்கள் 71-வது நகர்வில் ஆட வேண்டியது யானை எஃப்4. பார்த்தால் ஒன்றும் செய்யாத நகர்வு மாதிரி இருக்கும். கறுப்பு யானை சி1 என்று காத்திருக்கட்டும். இப்போது ராஜா இ7 வெளியே வாருங்கள். யானை இ1 செக், ராஜா டி6. யானை டி1 செக், ராஜா இ6. யானை இ1 செக், ராஜா டி5. யானை டி1 செக். இதுவரை நீங்கள் பயந்த அதே செக்குகள்தான். ஆனால் இப்போது யானை டி4 என்று நடுவில் வைத்துவிடலாம். டி5-ல் நிற்கும் ராஜா அதற்குக் காவல். அவர் யானையை வெட்டினால் நீங்கள் ராஜாவால் வெட்டுவீர்கள், சிப்பாய் ராணியாவதை ஜி7-ல் இருக்கும் ராஜாவால் தடுக்க முடியாது. வெட்டாவிட்டாலும் செக் கொடுக்க வழியில்லை, அடுத்த நகர்வில் ராணி. இதற்குப் பாலம் கட்டுவது என்று பெயர். யானையை முதலிலேயே நான்காவது வரிசையில் நிறுத்துவதன் காரணம் இதுதான்: ராஜா செக்குகளுக்குத் தப்பி இறங்கி வந்து நிற்கப்போகும் கட்டத்துக்குப் பக்கத்தில் யானை முன்கூட்டியே காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு அடி முன்னதாக, ராஜா டி6-ல் நிற்கும்போதே யானையை டி4-ல் வைத்தால் காவல் இல்லாமல் வெறுமனே பறிபோகும். அதையும் போர்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் அது.

நீங்கள் ஆடியபோது யானை எஃப்1-லேயே நின்றது. அது செய்த வேலை ஒன்றே ஒன்று, கறுப்பு ராஜா எஃப் வரிசையைத் தாண்டி வராமல் தடுத்தது. அது முக்கியமான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே வேலையை எஃப்4-ல் இருந்தும் செய்யலாம், கூடவே குறுக்கே வரவும் தயாராக இருக்கும். உங்கள் எதிராளியையும் ஒரு வார்த்தை பாராட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் உங்கள் ராஜா டி8-க்குத் திரும்பியதும் அவர் யானையை சி2-வில் வைத்திருக்கிறார். வேறு எங்கே வைத்தாலும் உங்கள் ராஜா சி வரிசை வழியாக வெளியே வந்து சிப்பாய்க்கு வழிவிட்டிருக்கும். தோற்ற நிலையில் எதிராளிக்கு வழி தெரியாமல் இருக்கலாம் என்று நம்பி, ஒரே ஒரு தவறும் செய்யாமல் நின்றிருக்கிறார். அந்த அரைப் புள்ளியை அவர் உழைத்துத்தான் வாங்கினார்.

ஆக ஆட்டம் போனது செக்குகளாலோ க்ளெய்மாலோ இல்லை. யானை எஃப்4 என்ற ஒரு முறை தெரியாததால் போனது. இதைக் கிளாக் ஓடும்போது, மூன்று நிமிடத்துக்குள், நாலு மணி நேரம் ஆடிய களைப்பில் புதிதாகக் கண்டுபிடிப்பது நம் மட்டத்து ஆட்டக்காரருக்கு ஏறக்குறைய முடியாத காரியம். முன்பே தெரிந்திருந்தால் பத்து வினாடி போதும். உங்கள் குறிப்பில் "பதற்றத்தால் கோட்டைவிட்டேன்" என்று இருக்கிறது. பதற்றம் இருந்திருக்கலாம், ஆனால் காரணம் அது என்று நான் நம்பவில்லை. இதே நிலையை வீட்டில் நிதானமாகப் போர்டில் வைத்துப் பார்த்தும் உங்களுக்கு வழி கிடைக்கவில்லை, இன்ஜின் சொன்ன பிறகுதான் தெரிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

அடுத்து, 56-வது நகர்வைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அங்கேயே யானைகளை வெட்டி முடித்திருக்க வேண்டும், தைரியம் இல்லாமல் போய்விட்டது." இந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் அங்கே நீங்கள் ஆடியது மிகச் சரி, வருத்தப்பட ஒன்றுமில்லை. ராஜா பக்கத்துச் சிப்பாய்கள் எல்லாம் போய்விட்டன. உங்கள் ராஜா டி4, யானை டி5, சிப்பாய் டி3. அவர் ராஜா இ7, 55-ல் அவர் யானையை டி6-ல் கொண்டுவந்து உங்கள் யானைக்கு நேரே வைத்தார். நீங்கள் வெட்டினால் அவர் ராஜாவால் வெட்டுவார். இப்போது யானைகள் இல்லை. உங்கள் ராஜா டி4, சிப்பாய் அதற்கு நேர் பின்னால் டி3, அவர் ராஜா டி6, முறை உங்களுடையது. இது டிரா, சந்தேகமில்லை. ராஜாக்கள் நேருக்கு நேர் ஒரு கட்டம் விட்டு நிற்கும்போது யார் நகர்த்த வேண்டியிருக்கிறதோ அவர் வழிவிட வேண்டும். நீங்கள் சி4 போனால் அவர் சி6, நீங்கள் இ4 போனால் அவர் இ6. சிப்பாய்க்கு முன்னால் ராஜா நிற்பதால் அதையும் நகர்த்தி முறையைத் தள்ளிவிட முடியாது. அந்தச் சிப்பாய் டி3-க்குப் பதில் டி2-வில் இருந்திருந்தால் கதையே வேறு. டி3 என்று ஒரு அடி வைத்து முறையை அவர் தலையில் கட்டியிருக்கலாம், ஜெயித்திருக்கலாம். ஒரு சிப்பாய் ஒரு கட்டம் பின்னால் இருப்பதுதான் வெற்றிக்கும் டிராவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்.

நீங்கள் ஆடிய ராஜா சி5 என்ன செய்கிறது பாருங்கள். மாற்றிக்கொள்ளும் வேலையை அவரிடம் தள்ளுகிறது. அவர் டி5-ல் வெட்டினால் நீங்கள் ராஜாவால் வெட்டுவீர்கள். இப்போது உங்கள் ராஜா டி5-ல், சிப்பாய் டி3-ல், நடுவில் ஒரு கட்டம் காலி. அவர் ராஜா டி7 வந்து நேருக்கு நேர் நின்றாலும் உங்களிடம் டி4 என்ற ஒரு நகர்வு கையிருப்பாக இருக்கிறது. அதை வைத்தவுடன் அவர்தான் வழிவிட வேண்டும். வெற்றி உறுதி. அவரும் அதைப் புரிந்துகொண்டுதான் வெட்டாமல் யானையை ஹெச்6-க்கு நகர்த்தினார். நீங்கள் கணக்குப் போட்டு ஆடினீர்களா, உள்ளுணர்வில் ஆடினீர்களா என்று எழுதவில்லை. எப்படியானாலும் ஆட்டத்திலேயே உங்களுடைய சிறந்த நகர்வு அதுதான் என்பது என் கருத்து.

யானைகளை மாற்றுவதில் இருக்கும் ஆபத்து பெரியவர்களையும் விடுவதில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியில் குகேஷும் டிங் லிரெனும் ஆடிய பதினான்காவது ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். டிங்கிடம் ஒரு சிப்பாய் குறைவு. ஆனாலும் யானையும் பிஷப்பும் போர்டில் இருக்கும்வரை டிராவாகக்கூடிய நிலை. 55-வது நகர்வில் அவர் யானையை எஃப்2-வில் வைத்து யானைகளை மாற்றிக்கொள்ளலாம் என்றார். குகேஷ் வெட்டினார், அடுத்து பிஷப்பை டி5-ல் வைத்து பிஷப்புகளையும் மாற்ற வைத்தார். மிஞ்சியது வெறும் சிப்பாய் எண்ட்கேம் (ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் உள்ள இறுதி ஆட்டம்), அதில் டிங்குக்குத் தோல்வி. சில நகர்வுகளில் உலகப் பட்டமே கை மாறியது. சோர்வாக இருக்கும்போது, காய்கள் குறைந்தால் நிம்மதி என்று மனம் சொல்லும். சிப்பாய் எண்ட்கேமை எண்ணிப் பார்க்காமல் அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது.

இப்போது உங்கள் எதிராளியின் பக்கம். 57-ல் நீங்கள் யானை இ5 என்று செக் கொடுத்தீர்கள். அவர் ராஜாவை எஃப்6-க்கு நகர்த்தி உங்கள் யானையைத் தாக்கினார், நீங்கள் இ1-க்குப் பின்வாங்கினீர்கள். யானையை மிரட்டுவதால் அது சுறுசுறுப்பான நகர்வாகத் தெரியும். ஆனால் அவர் போயிருக்க வேண்டியது டி7. ராஜா சிப்பாய்க்கு நேர் முன்னால், யானை ஏற்கெனவே ஹெச்6-ல், அதாவது ஆறாவது வரிசையில். இது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிலிடார் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் காட்டிய தற்காப்பு. யானை ஆறாவது வரிசையிலேயே இருந்து உங்கள் ராஜா அந்த வரிசைக்கு ஏறாமல் தடுக்கும். வேறு வழியில்லாமல் நீங்கள் சிப்பாயை ஆறாவது வரிசைக்குத் தள்ளினால், அந்த நொடியே யானை முதல் வரிசைக்கு இறங்கி பின்னாலிருந்து செக் கொடுக்க ஆரம்பிக்கும். சிப்பாய் ஏறிவிட்டதால் உங்கள் ராஜா ஒளிந்துகொள்ள இடம் இல்லை. டிரா, இதுவும் உறுதி. அதனால் "ஆட்டம் முழுக்க எனக்கு வெற்றி" என்று நீங்கள் எழுதியது சரியில்லை. 57-ல் அவர் டி7 போயிருந்தால் நியாயமாக அங்கேயே டிரா ஆகியிருக்க வேண்டிய ஆட்டம் இது.

ராஜா எஃப்6 போனதால் மட்டுமே அவர் தோற்ற நிலைக்கு வந்துவிட்டாரா? இங்கேதான் என் உறுதி முடிகிறது. உங்கள் யானை இ வரிசையில் நின்று அவர் ராஜாவைச் சிப்பாயிடமிருந்து பிரித்துவிட்டது என்பது உண்மை. ஆனால் உங்கள் சிப்பாய் அப்போது மூன்றாவது வரிசையில்தான் இருந்தது. இவ்வளவு பின்னால் இருக்கும் சிப்பாய்க்கு எதிராக, யானையை எட்டாவது வரிசைக்குக் கொண்டுபோய் முன்னாலிருந்து செக் கொடுத்துத் தடுக்கும் முறை பல நேரம் பலிக்கும். உங்கள் ராஜா சி5 வரை ஏறி நின்றது உங்களுக்குச் சாதகம். எது கனம் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் என்னால் சொல்ல முடியாது. அவர் அந்த வழியை முயலவே இல்லை, யானையைப் பின்னால் கொண்டுபோனார், ராஜாவும் ஜி7 வரை தள்ளிப்போனது. 60 முதல் 66 வரை உங்கள் தாளின் புகைப்படத்தில் எழுத்து தெளிவாக இல்லை, இரண்டு இடத்தில் யானை எந்தக் கட்டம் என்றே படிக்க முடியவில்லை. அந்த ஏழு நகர்வுக்குள் நிலை ஒருமுறையோ இருமுறையோ டிராவுக்கும் வெற்றிக்கும் மாறி மாறிப் போயிருக்கலாம் என்பது என் ஊகம், அதற்கு மேல் இல்லை.

இங்கேதான் இன்ஜினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கைபேசியில் ஓடும் இன்ஜின் குறைந்த ஆழத்தில் பார்த்துவிட்டு, ஒரு சிப்பாய் கூடுதல் என்பதற்காகவே உங்களுக்குச் சாதகமான எண்ணைக் காட்டும். யானை எண்ட்கேமில் அந்த எண்ணை வெற்றி என்று படிக்கக் கூடாது. காய் ஏழோ அதற்குக் கீழோ வந்துவிட்டால் இன்ஜினை அணைத்துவிட்டு டேபிள்பேஸைத் திறங்கள். அதில் இன்ஜின் காட்டும் மாதிரியான மதிப்பீட்டு எண் கிடையாது. வெற்றி, டிரா, தோல்வி என்ற மூன்றே பதில், ஒவ்வொரு நகர்வுக்கும் தனித்தனியாக. உங்கள் ஆட்டத்தை 55-லிருந்து ஒவ்வொரு நகர்வாக அதில் ஓட்டினால், யார் எப்போது எதைக் கைவிட்டார் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். முதலில் நீங்களே ஒரு பதிலை எழுதிவைத்துவிட்டு அப்புறம் பாருங்கள், இல்லாவிட்டால் மனதில் ஒன்றும் நிற்காது.

உங்கள் வருத்தத்தில் ரேட்டிங்கும் இருக்கிறது, அதனால் அந்தக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 90 புள்ளி வித்தியாசத்துக்கு உங்களிடம் எதிர்பார்க்கப்பட்டது 0.38 புள்ளி (வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5). உங்கள் கே மதிப்பு (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 20 என்கிறீர்கள். ஜெயித்திருந்தால் 12.4 புள்ளி கூடியிருக்கும், டிராவுக்கு 2.4 கூடும். நஷ்டம் பத்துப் புள்ளி. கூடத்தான் செய்திருக்கிறது, குறையவில்லை.

நேரத்தைக் கையாண்டதில் ஒரு திருத்தம் மட்டும். நிலையை ஒருமுறை திருப்பி ஆடி 30 வினாடிகளைச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை, பெரிய ஆட்டக்காரர்களும் செய்வார்கள். ஆனால் திருப்ப ஆரம்பிக்கும்போதே எண்ணிக்கையும் ஆரம்பமாகிவிட வேண்டும். 73-ல் ராஜாவை மறுபடி இ7-ல் வைத்தபோதே, இந்தக் கட்டத்துக்கு இன்னொரு முறை வந்தால் டிரா என்று தெரிந்திருக்க வேண்டும். அதை ஸ்கோர்ஷீட்டில் குறித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். நகர்வு, நேரம், டிரா ஆஃபர், க்ளெய்ம் சம்பந்தப்பட்டவை தவிர வேறு குறிப்பு எழுத அனுமதி இல்லை. ஆனால் உங்கள் தாளில் எழுதியிருக்கும் பழைய நகர்வுகளைத் திரும்பிப் பார்க்கலாம், அதற்குத் தடை இல்லை. முன்னால் வந்த அதே இரண்டு வரி கண்ணில் பட்டால் போதும், வேறு எதையாவது ஆடுங்கள். எஃப்4 தெரியாவிட்டாலும் யானையை அடிபடாத ஏதாவது ஒரு கட்டத்துக்கு நகர்த்தி யோசிக்க நேரம் வாங்கியிருக்கலாம். எஃப் வரிசையை விட்டு வெளியே மட்டும் போகக் கூடாது, அவர் ராஜா உள்ளே வந்துவிடும்.

என்ன படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தாலியன் ஓப்பனிங்கில் (ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறை) பன்னிரண்டு நகர்வு வரை யோசிக்காமல் ஆடியதாகச் சொல்கிறீர்கள். நம் ஊர் டோர்னமெண்டுகளில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பத்து வயதுப் பையன் ஓப்பனிங்கை ஒப்பிக்கிறான், யானையும் சிப்பாயும் மிஞ்சினால் முழிக்கிறான். ஓப்பனிங்கில் பாதி மறந்தாலும் ஆட்டம் ஓடும். லூசெனா, பிலிடார், ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கும் சிப்பாய் எண்ட்கேம் இந்த மூன்றும் தெரியாவிட்டால் நாலு மணி நேர உழைப்பு கடைசிப் பத்து நிமிடத்தில் போய்விடும். இந்த மூன்றும் உங்கள் ஒரே ஆட்டத்தில் வரிசையாக வந்திருக்கின்றன, பாடம் தேடி வேறெங்கும் போக வேண்டாம். ஒரு நண்பரை உட்காரவைத்து 71-வது நிலையை அமைத்து, ஆளுக்கு மூன்று நிமிடத்தில் ஆடுங்கள். வெள்ளையில் ஜெயித்தால் போதாது, கறுப்பிலும் ஆடி, அவர் எங்கே தவறுவார் என்று காத்திருந்து பழகுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் ஒரு வரிசை வலது பக்கம் நகர்த்தி இ சிப்பாயாக வைத்து ஆடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறீர்களா, புரிந்து ஆடுகிறீர்களா என்பது அங்கே தெரியும். ஏ, ஹெச் ஓர வரிசைச் சிப்பாய்களுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. ராஜா வெளியே வர ஒரு பக்கம்தான் இருக்கும் என்பதால் அவற்றுக்கு விதிகள் வேறு, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

60 முதல் 66 வரையிலான நகர்வுகளை ஸ்கோர்ஷீட்டைப் பார்த்துத் தெளிவாக டைப் செய்து போடுங்கள். அவருடைய தாளின் நகலும் கிடைத்தால் நல்லது, இரண்டையும் ஒப்பிட்டால் படிக்க முடியாத கட்டங்கள் தெரிந்துவிடும். ஒவ்வொரு நகர்விலும் கிளாக்கில் எவ்வளவு மிச்சம் என்று குறித்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அவர் ராஜா ஜி7-க்குத் தள்ளிப்போனது கட்டாயத்திலா, விருப்பத்திலா என்பதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.